அவசரமாகப் புரட்டிய பக்கம்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 36. திருமணமாகிப் பத்து வருடம். ஒரே மகள், 7 வயது. அவள் பிறந்தபோது வேலையை விட்டேன். மாதம் ஒருமுறை நாங்கள் எட்டுப் பேர் ஒரு நாவலைப் படித்துவிட்டுக் கூடிப் பேசுவோம். இந்த முறை பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் எழுதிய ‘மதாம் பொவாரி’. நாயகி எம்மாவை எல்லாரும் சேர்ந்து கிழித்துத் தொங்கவிட்டார்கள். சோரம் போனவள், ஊதாரி, பொய்க்காரி! நான் மட்டும்தான் அவளுக்காகப் பேசினேன். கையில் சொந்தக் காசு இல்லை, படித்த படிப்புக்கு வேலை இல்லை, பிடிக்காத கல்யாணத்திலிருந்து வெளியே வர வழியில்லை, அவள் என்னதான் செய்வாள் என்று கேட்டேன். “உனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?” என்று ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், “கதைதானே, விடு” என்கிறார். நல்லவர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் பத்து வருடத்தில் நான் என்ன படிக்கிறேன் என்று ஒருநாள் கேட்டதில்லை. வேலையை விடும்போதும் “உன் இஷ்டம்” என்றார். என் இஷ்டமா அது? குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருந்தார்கள்?

இப்போது நாவலை இரண்டாம் முறை படிக்கிறேன். அதற்கும் விடுவதில்லை. போன வாரம் மகள் மடியில் ஏறி ஏறி வந்தாள், முழங்கையால் தள்ளினேன், கட்டில் முனை நெற்றியில் பட்டுவிட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. அவளே விழுந்தாள் என்று அவரிடம் சொன்னேன், அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்கும் அவர் “பார்த்துக்கோ” என்றதோடு சரி.

அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் பெண்கள். பெண்ணைப் பெண்களே இப்படிப் பேசலாமா? அடுத்த கூட்டத்துக்கு நான் போவதா, வேண்டாமா?

– பெயர் வேண்டாம், ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டத்துக்குப் போங்கள். அந்த வாதத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். பிரான்சில் 1816இல் விவாகரத்தை ஒழித்தார்கள். திரும்ப வந்தது 1884இல். நாவல் வெளிவந்தது 1856இல். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டமே சொன்னது. சோரம் போன மனைவிக்கு 3 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை. கணவனுக்கோ அபராதம் மட்டும், அதுவும் இன்னொருத்தியைத் தன் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருந்தால்தான். சிரித்தவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

அதே காட்சி நாவலில் இருக்கிறது. அருகில் வந்து வந்து ஒட்டிக்கொள்ளும் குழந்தை பெர்த்தை எம்மா முழங்கையால் தள்ளுகிறாள். அலமாரியருகே இருந்த பித்தளைக் கொக்கியில் பட்டுக் கன்னம் கிழிகிறது. கணவன் வந்ததும், விளையாடும்போது விழுந்துவிட்டாள் என்கிறாள். இரண்டாம் முறை படிக்கும் உங்கள் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது. எம்மாவின் குற்றங்களாக உங்கள் தோழிகள் போட்ட பட்டியலிலும் பெர்த் இல்லை, அவளுக்காக நீங்கள் வைத்த வாதத்திலும் இல்லை.

எம்மா வயிற்றில் சுமந்தபோது ஆண் பிள்ளைதான் வேண்டும் என்று ஆசைப்பட்டாள், ஆணுக்காவது சுதந்திரம் உண்டே என்று. பெண் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மயங்கினாள். பெண்ணாகப் பிறந்தால் என்ன கிடைக்காது என்று அந்த ஊரில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்தும், அந்த ஏமாற்றத்தின் அடி முழுவதும் விழுந்தது மகள் மேல். கடைசியில் அந்தப் பெண் பஞ்சாலை வேலைக்குப் போகிறாள். இதைப் பார்த்த பிறகும் எம்மாவுக்காக இரங்கலாம், நானும் இரங்குகிறேன். ஏன் தள்ளினாள் என்று புரிந்துகொள்வது வேறு, குழந்தைக்கு வலிக்கவில்லை என்று சொல்வது வேறு.

உங்கள் கோபம் நியாயமானது. “உன் இஷ்டம்” என்ற சொல்லால் கணவர் முடிவையும் நஷ்டத்தையும் உங்கள் தலையிலேயே கட்டிவிட்டார். ஆனால் அந்தக் கோபம் போய் இறங்கியது, வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆளிடம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எதையும் கேட்பதில்லை என்கிறீர்கள். அன்று அவருக்குத் தெரிய வேண்டிய ஒன்றை மறைத்தது நீங்கள். பொய்யைக் கேட்டவர் “பார்த்துக்கோ” என்பதற்கு மேல் என்ன சொல்லியிருப்பார்?

நெற்றி வீக்கம் இதற்குள் வற்றியிருக்கும் (தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்). எனக்குக் கவலை அந்தத் தலையாட்டல்தான். தன் உடம்புக்கு நேர்ந்ததைப் பெரியவர்களுக்காக மாற்றிச் சொல்லலாம் என்று 7 வயதில் பழகியிருக்கிறாள். நாளை வேறு யாராவது அவளைத் தொட்டாலும், அடித்தாலும் இப்படியே தலையாட்டுவாள்.

இன்றே பேசுங்கள். அவள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, “அன்னிக்கு நீயா விழலை, அம்மாதான் தள்ளினேன். தப்பு என்னோடது. அப்பாகிட்ட பொய் சொன்னதும் தப்பு” என்று சொல்லி, அங்கேயே நிறுத்துங்கள். “நீயும் ஏறி ஏறி வந்தியே” என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் பழி திரும்ப அவளிடமே போய்விடும். நீங்கள் அழுதால் அவள் உங்களைத் தேற்றத் தொடங்குவாள். அது அவள் வேலையில்லை. “அம்மாவை மன்னிச்சுட்டியா?” என்றும் கேட்காதீர்கள், வேறு பதில் சொல்ல அவளுக்கு வழி இருக்காது. பொம்மை வாங்கிக் கொடுத்து ஈடுகட்டவும் வேண்டாம். அன்றைக்கே அவள் காதுபட அப்பாவிடமும் உள்ளதைச் சொல்லுங்கள். மகள் ஒன்றும் பேசாமல் விளையாடப் போய்விடலாம். இரண்டு நாள் கழித்துத் திடீரென்று கேட்டால், அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள்.

படிக்கும் நேரத்தைக் கணவரிடம் கடிகாரக் கணக்கில் கேட்டு வாங்குங்கள்: இரவு 8 முதல் 8.45 வரை மகள் அவர் பொறுப்பு. “கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்றால் நடக்காது. திரும்ப வேலைக்குப் போகும் பேச்சையும் அப்படியே எடுங்கள், தினம் எத்தனை மணி நேரம் அவர் ஏற்பார் என்று.

உங்கள் கை இதற்கு முன்பும் இப்படி நீண்டிருக்கிறது என்றால் எனக்கு அடுத்த கடிதம் எழுதாதீர்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு ஓர் ஆலோசகரை நேரில் போய்ப் பாருங்கள்.