நெல் கொள்முதல்: அண்ணாச்சியிடம் கேளுங்கள்

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிசான நெல், அதாவது நம்ம நெல்லைப் பக்கத்துப் பின்பருவ நெல், விற்பதைப் பற்றிக் கேளுங்கள். உரத் தட்டுப்பாடும் கால்வாய்த் தண்ணீரும் என் இலாகா இல்லை.

சேரன்மகாதேவி: அண்ணாச்சி, மூட்டைக்கு எவ்வளவு கிடைக்கும்?

2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குச் சாதா ரகம் 2369, சன்ன ரகம் 2389. மாநில ஊக்கத்தொகை 131, 156. ஆக 2500, 2545. நாற்பது கிலோ மூட்டைக்கு 1000 ரூபாய், சன்னத்துக்கு 1018. சிட்டா (நிலம் யார் பேரில் என்ற சான்று), அடங்கல் (என்ன பயிர் என்ற சான்று) இரண்டையும் நீங்களே கொண்டு போங்கள், யார் கையிலும் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சி: அம்பை 16 போட்டிருக்கேன். சன்ன ரக விலை தருவாங்களா?

தரமாட்டார்கள். மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5 ஆவது வரவேண்டும். அம்பை 16 குண்டு நெல். நம்ம ஊர் ஆராய்ச்சி நிலையத்து ரகம் என்ற பெருமைக்கு ரசீதில் இடம் கிடையாது.

முக்கூடல்: ஈரப்பதம் 19 என்று திருப்பிவிட்டார்கள்.

வரம்பு 17 சதவீதம். மத்திய அரசு தளர்த்தினால் தவிர அவர்களும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மீட்டரில் போட்ட நெல்லை எங்கே அள்ளினார்கள் என்று பார்த்தீர்களா? தார்ப்பாய்க்குள் வேர்த்துக் கிடந்த நெல் ஒரு கணக்குக் காட்டும், வெயில் பட்ட நெல் வேறு காட்டும். குவியலில் நாலு இடத்தில் அள்ளி, கலந்து பார்க்கச் சொல்லுங்கள். காலைப் பனியோடு கொண்டு போகாதீர்கள்.

வீரவநல்லூர்: எதுக்கு இந்தப் பாடு? வியாபாரி வயலுக்கே வந்து, ஈரத்தோடு அள்ளிக்கிட்டு, கையில் ரொக்கம் தாரார்.

சரி, கணக்குப் போடுவோம். ஈரப்பதம் 22 உள்ள நெல் 100 கிலோ. அதை 17க்குக் காயவைத்தால் 94 கிலோ நிற்கும். 2500 விலைக்கு அது 2350 ரூபாய். அவர் ஈரநெல்லுக்கு 2000 சொன்னால், குவிண்டாலுக்கு 350 ரூபாயை அவர் வண்டியில் ஏற்றி அனுப்புகிறீர்கள்.

பத்தமடை: காயப்போட ஆள்கூலி யார் தருவா? களம் எங்கே இருக்கு? நடுவில் மழை வந்தா?

நியாயமான கேள்வி. அந்த 350ல் கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் போகும். அதற்குப் பிறகும் மிஞ்சினால் காயவையுங்கள். மிஞ்சாது, மேகமும் கறுக்கிறது என்றால் வியாபாரிக்கே போடுங்கள், அதில் தப்பில்லை. கணக்குப் பார்க்காமல் போடுவதைத்தான் சொல்கிறேன்.

வீரவநல்லூர்: எங்க வியாபாரி கோட்டைக் கணக்கில் பேசுறார். அது உங்க விலையைவிடக் கூடத்தான் வருது.

கோட்டை என்பது பழைய முகத்தல் அளவு. அவருடைய கோட்டைக்கு எத்தனை கிலோ? அதை முதலில் கேளுங்கள். கிலோ தெரியாமல் விலை கூட என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பத்தமடை: அதைத்தான் அண்ணாச்சி நானும் நேத்து கேட்டேன், சண்டைக்கு வாரார்.

இரண்டு பேரும் ஒரு தராசை வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த ஆள்.

கோபாலசமுத்திரம்: தெரிந்த வியாபாரி ஒருவர் சிட்டா அடங்கல் கேட்கிறார். மூட்டைக்கு ஏதோ தருவாராம்.

கொடுக்காதீர்கள். உங்கள் பேரில் அவர் நெல்லை ஏற்றுவார். அப்புறம் உங்கள் நெல் வரும்போது, உங்கள் பரப்புக்கு ஏற்கெனவே வாங்கியாச்சு என்பார்கள். விசாரணை வந்தால் கையெழுத்து உங்களுடையது.

களக்காடு: குத்தகை நிலம். பட்டா என் பேரில் இல்லை. கிசான் பணம் வருமா?

நெல்லைப் போடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி உங்களுடையது என்று அடங்கல் வாங்குங்கள். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தின் வருஷம் 6000 ரூபாய் பட்டாதாருக்குத்தான். குத்தகைக்காரருக்கு வராது. வெயிலில் நிற்பவரை விட்டுவிட்டு எழுதிய திட்டம் அது என்பது என் அபிப்பிராயம்.

மேலச்செவல்: மூட்டைக்கு எவ்வளவு அண்ணாச்சி?

முதல் பதில்.

திருக்குறுங்குடி: வாழைக்கு ஆதார விலை?

கிடையாது.

கரிசல்பட்டி: ஈரப்பதம் 18 வாங்குவாங்களா?

முக்கூடல்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மானூர்: உளுந்தை எங்கே போடுவது?

2025-26க்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 7800. நெல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரியுங்கள். அங்கேயும் சிட்டா அடங்கல் கேட்பார்கள். நீங்களே கொண்டு போங்கள்.