கார் உள்பக்கப் பிளாஸ்டிக்: பெயின்ட் உரிவது ஏன்?

கேள்வி: பழைய காரின் கதவுப் பிளாஸ்டிக் வெளுத்துப்போனதால் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். ஒரே மாதத்தில் தோல் தோலாக உரிகிறது. என்ன காரணம்?

பதில்: பாகத்தைக் கழற்றிப் பின்புறம் பாருங்கள். பி.பி. (PP) என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். சாதாரண பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அதைப் பிடிக்காது. டேஷ்போர்டு பாலிஷின் சிலிக்கோன் வேறு படிந்திருக்கும். பழைய பெயின்டை முழுக்க எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சொரசொரப்பான இடத்தில் உப்புத்தாள் வேண்டாம், டிசைன் மழுங்கிவிடும். ஸ்காட்ச்-பிரைட் நார் போதும். வழவழப்பான இடத்துக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்). பிறகு அட்ஹீஷன் புரமோட்டர் (பிளாஸ்டிக்கில் பெயின்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் பூச்சு), மெல்லியதாக ஒரே கோட். உங்கள் வேலையில் விட்டுப்போனது அநேகமாக இதுதான். புரமோட்டர் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேட் (பளபளக்காத) பெயின்டை 20–25 செ.மீ. தள்ளி நின்று, 10 நிமிட இடைவெளியில் 3 கோட் அடியுங்கள். ஒருநாள் காயவிட்டு மாட்டுங்கள்.