தீப்பந்தத்துக்கு மட்டும் கலர்

கேள்வி: 1933ல வந்த 'தி வேம்பயர் பேட்' படத்தை ஆன்லைன்ல பாத்தேன், ஒரே இருட்டு, வசனமும் கொரகொரன்னு கேக்குது. இதையெல்லாம் எதுக்கு சார் ரெஸ்டோர் பண்றாங்க?

பதில்: நீங்க பாத்தது காப்பிக்கு காப்பி எடுத்து தேஞ்சுபோன பிரிண்ட்டா இருக்கும், காப்பிரைட் இல்லாத படம்னா அதான் கதி. அமெரிக்காவுல இருக்கிற யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தோட திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்ததைப் பாருங்க, ஊர்க்காரங்க துரத்துற சீன்ல கறுப்பு வெள்ளைக்கு நடுவுல தீப்பந்தத்து நெருப்பு மட்டும் கலர்ல எரியும், அந்தக் காலத்துல குஸ்டாவ் பிராக்ங்கிறவர் கையாலயே பூசின கலரு! படத்தை எடுத்தது மெஜஸ்டிக்னு சின்ன கம்பெனி, சொந்தமா செட் போட வசதியில்லாம யுனிவர்சல் ஸ்டுடியோ செட்டை வாடகைக்கு எடுத்து ராத்திரில ஷூட் பண்ணிருக்காங்க. கதை சுமார்தான், ஹீரோயின் ஃபே ரேவுக்காக ஒரு மணி நேரம் உக்காரலாம்.