வானியல் காப்பகங்களுக்குப் பொதுவான தரவு மாதிரி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தொலைநோக்கி 15 ஆண்டுகளாக எடுத்த படங்களையும் நிறமாலைகளையும் எல்லோருக்கும் திறந்துவிடப் போகிறோம். தரவு மாதிரியை நாங்களே வரைந்துகொள்ளலாமா?

பதில்: உள் வேலைக்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே காட்டும் முகத்துக்கு ஆப்ஸ்கோர் மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் தொடங்கிய பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டமைப்பு (ஐவிஓஏ) வகுத்தது அது. வானில் எந்த இடம், எப்போது, எந்த அலைநீளம், எந்த அளவுக்குச் செப்பனிட்ட தரவு, கோப்பு எங்கே கிடைக்கும் என, தேடுகிறவர் கேட்கக்கூடியதெல்லாம் ஒரே அட்டவணையில் அடங்கிவிடும். எல்லாக் காப்பகங்களிலும் புலங்களின் (அட்டவணை நெடுவரிசைகளின்) பெயர் ஒன்றே என்பதால், ஒருமுறை எழுதிய வினவல் எங்கும் ஓடும்.

சிக்கல் அலகுகளில் வரும். தொடக்க நேரமும் முடிவு நேரமும் எம்ஜேடி நாட்களில் (வானியலார் தொடர்ச்சியாக எண்ணும் நாள் கணக்கு). ஒளிபதிவு நேரமோ நொடிகளில். படம் அடக்கும் வான்பரப்பின் அகலம் பாகையில்; பிரிதிறன் வில்நொடியில் (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 1,800 நொடி ஒளிபதிவு என்றால் இரண்டு நேரங்களுக்கும் இடையே 0.0208 நாளாவது இருக்க வேண்டும். ஒரே கேமராவில் எடுத்த படத்தில் இது பொருந்தாவிட்டால் எங்கோ அலகு மாறியிருக்கிறது. தரவை ஏற்றும் நிரலிலேயே இந்தச் சோதனையை எழுதிவிடுங்கள்.

எக்ஸ்-கதிர்த் தரவில் இன்னொரு பொறி. 2 முதல் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையிலான பட்டையை மீட்டரில் எழுதும்போது, ஆற்றல் கூடினால் அலைநீளம் குறையும் என்பதால், எல்லைகள் தலைகீழாகும். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான் சிறும அலைநீளம்: 1.24×10⁻¹⁰ மீட்டர். பெருமம் 6.2×10⁻¹⁰. வரிசையை மாற்றாமல் ஏற்றினால் அலைநீளத்தை வைத்துத் தேடும்போது அந்தத் தரவு பெரும்பாலும் சிக்காது, பிழைச் செய்தியும் வராது. ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் பிழை இது.

கேள்வி: இரண்டு பட்டியல்களை 2 வில்நொடி ஆரத்தில் பொருத்தினால் சில பிரகாசமான விண்மீன்கள் விடுபடுகின்றன. வானில் இடத்தைக் குறிக்கும் வல ஏற்றம், நடுவரை விலக்கம் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. மாதிரியில் என்ன குறை?

பதில்: இடம் என்றால் இரண்டு எண்கள் என்று வைத்ததுதான் குறை. எந்தக் குறிப்புச் சட்டகம், எந்தக் காலத்துக்கான இடம், பிழை எவ்வளவு என்பவையும் சேர்ந்தால்தான் அது இடம். கையா விண்கலத் தரவின் மூன்றாம் வெளியீட்டில் உள்ள விண்மீன் இடங்கள் 2016.0-க்கு உரியவை, பழைய பட்டியல்கள் பல 2000-க்கு. பார்னார்டு விண்மீன் ஆண்டுக்கு ஏறக்குறைய 10.4 வில்நொடி நகர்கிறது. 16 ஆண்டில் 166 வில்நொடி! உங்கள் ஆரத்துக்குள் அது எப்படி வரும்? சுய இயக்கத்தை (விண்மீன் ஆண்டுதோறும் வானில் நகரும் அளவை) கொண்டு இரண்டையும் ஒரே காலத்துக்கு நகர்த்திய பிறகு பொருத்துங்கள். ஐசிஆர்எஸ் (பன்னாட்டு வான் குறிப்புச் சட்டகம்) என்று மட்டும் எழுதினால் போதாது: அது சட்டகத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது.

நேரத்துக்கும் இதே விதிதான். கடிகாரங்கள் பின்பற்றும் உலக நேரமான யூடிசி-க்கும், வானியல் கணக்கில் வரும் புவி நேரமான டிடி-க்கும் 2017 முதல் 69.184 நொடி இடைவெளி. சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்குத் திருத்திய நேரமா, தொலைநோக்கியில் பதிவான நேரமா என்பதில் 8 நிமிடம்வரை விலகலாம். வேற்று விண்மீனின் கோள் அதன் முன்னே கடக்கும் நேரத்தை (புறக்கோள் கடப்பை) கணிப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. ஒளியளவு எண்ணுக்குப் பக்கத்தில் எதைச் சுழியமாக வைத்து அளந்தது, ஏபி முறையா வேகா முறையா என்பதும் வடிகட்டியின் பெயரும் கட்டாயம்.

கேள்வி: அதே மாதிரியை எங்கள் மென்பொருளின் வகுப்புகளாக அப்படியே எழுதலாமா? பிறகு மாற்றம் வந்தால்?

பதில்: அப்படியே எழுதினால் மாதிரி மாறும்போதெல்லாம் நிரலும் உடையும். நடுவே ஒரு மெல்லிய மாற்றி அடுக்கு இருக்கட்டும். வகுப்பு வரைபடத்தில் ஐந்தாறு நிலைக்கு மரபுரிமை (ஒரு வகுப்பு இன்னொன்றின் பண்புகளைப் பெறுவது) போனால் மாதிரியைச் சுருக்குங்கள். அவ்வளவு ஆழத்தை வாசிப்பு நிரல்கள் பெரும்பாலும் முழுசாகச் செயல்படுத்துவதில்லை.

விருப்பப் புலம் ஒன்றைச் சேர்த்தால் அது சிறு பதிப்பு. பழைய புலத்தின் பொருளோ அலகோ மாறினால் பெரிய பதிப்பு, புலத்தின் பெயரும் புதிது. மதிப்பு தெரியாத இடத்தில் 0 அல்லது -99 போடாமல் வெற்றாகவே விடுங்கள். -99 சராசரிக்குள் நுழைந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நிரல்கள் ஒரே கோப்பைப் படித்து ஒரே விடையைத் தரும்வரை பதிப்பை வெளியிடாதீர்கள்.