ஈரச் சுவருக்கு யார் செலவழிப்பது?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். குளிர்காலம் வந்தாலே படுக்கையறை மூலையில் பூஞ்சணம் படர்கிறது. பீரோவுக்குப் பின்னால் சுவர் நனைந்து கிடக்கிறது. இரவெல்லாம் ஹீட்டர் ஓடியும் அறை சூடாவதில்லை, மின்கட்டணம்தான் ஏறுகிறது. உரிமையாளர், "பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். சேமிப்பை எடுத்து நானே சுவரைச் சரிசெய்வதா, பெரிய ஹீட்டர் வாங்குவதா, வாடகையை நிறுத்திவைப்பதா?

பதில்: மூன்றும் வேண்டாம். பெயின்ட்டும் வேண்டாம், ஈரம் இருக்கும்வரை அது உரிந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டுங்கள். சுவரைத் துடைத்து, மேற்பரப்பு உலர்ந்ததும் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக்கமாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பிரித்ததும் உட்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைவதும் உண்டு. துல்லியமான சோதனை இல்லைதான். ஆனால் யார் பையிலிருந்து பணம் போக வேண்டும் என்ற பேச்சைத் தொடங்க இது போதும்.

குழாய்க் கசிவு, கூரை ஒழுகல், தரையிலிருந்து ஏறும் ஓதம் எல்லாம் கட்டடத்தின் குறை. பொதுவாக உரிமையாளரின் செலவு. அதில் உங்கள் சேமிப்பைக் கொட்டாதீர்கள். நான் சொல்லும் கணக்கு எளிது: வீடு மாறும்போது வண்டியில் ஏற்ற முடிந்த பொருளுக்கு நீங்கள் செலவழிக்கலாம், சுவரோடு ஒட்டிக்கொள்வதற்குக் கூடாது.

காற்றின் ஈரம் என்றால் பாதி வைத்தியம் இலவசம். மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கலாம். துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிவையுங்கள். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எரியும்போது அதுவே நீராவியை வெளியிடுகிறது, மூச்சுக்கும் ஆபத்து.

இப்போது ஹீட்டர். 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 16 யூனிட். 30 நாளில் 480 யூனிட். 250 வாட் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் அதே நேரத்துக்கு 2 யூனிட்தான் எடுக்கும். அது பிடித்துச் சேர்க்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஏறக்குறைய 0.7 யூனிட் வெப்பத்தை அறைக்குள்ளேயே விட்டுச்செல்கிறது. ஹீட்டரை அது முழுவதும் ஈடுகட்டாது. ஆனால் புதுச் செலவு ஒன்று செய்தே ஆக வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்கு.

வாடகையை நிறுத்துவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், பாக்கி விழுந்த மறுநாளே பேச்சு சுவரை விட்டு உங்கள் பாக்கிக்குப் போய்விடும். வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் அதுவே சாக்காகும். வாடகையைத் தேதி தவறாமல் கட்டிக்கொண்டே கடிதம் எழுதுங்கள். சோதனைத் தாளின் படம், சென்ற ஆண்டு இதே மாதத்தின் மின்கட்டண ரசீது, இந்த ஆண்டினுடையது என மூன்றையும் இணையுங்கள். பழுது பார்க்க ஒரு தேதி கேளுங்கள். அதுவரை கூடுதல் மின்கட்டணத்தை வாடகையில் கழித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அது எழுத்தில் வரட்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கழித்தால், அது பாக்கியாகவே எண்ணப்படலாம். பதிலே வராவிட்டால் உங்கள் பகுதியின் வாடகைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அதே கடிதத்தைக் காட்டுங்கள்.

பூஞ்சணத்தைத் துடைப்பதற்கு முன் அதையும் படம் எடுத்துவிடுங்கள். காலி செய்யும் நாளில் அந்தக் கறையைக் காட்டி முன்பணத்தில் கை வைக்கப் பார்ப்பார்கள். துடைத்த சுவரை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் நிரூபிக்க முடியாது.