மனு கொடுக்கப் போன அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. தெருக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று ஒரு மனு கொடுக்கப் போனார். இப்போது வாரா வாரம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ். போன மாதம் காலிக்குடத்தோடு மறியலில் உட்கார்ந்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். எனக்குப் பெண் பார்க்கும் நேரம் இது. யாரோ அம்மாவைத் தூண்டிவிடுகிறார்கள். எப்படி நிறுத்துவது?
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: தூண்டிவிட்டது யார் என்று கேட்டால், ஆபீஸில் கிடைக்கும் "பாக்குறோம்மா, போங்க" என்ற பதிலைத்தான் சொல்வேன், தம்பி.

முதல் மனுவுக்குப் பதில் வராது. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு அக்காவும் கூட வருவார். மூன்றாவது தடவைக்குள் எந்த மேஜையில் சீல் போடுவார்கள், எங்கே ஜெராக்ஸ் எடுக்கலாம் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. அப்புறம் முதியோர் பென்ஷன், பட்டா என்று தெருவே தன் காகிதத்தை அவரிடம் நீட்டும். கொள்கை, கட்சி எல்லாம் பிறகு வந்தால் வரும். முப்பது வருஷம் வீட்டில் கேஸ் தீர்ந்ததைப் பற்றி மட்டும் பேசியவரிடம் நாலு பேர் "நீங்க சொல்லுங்கக்கா" என்றால், அதை விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போவாரா?

உங்கள் ஊருக்கு இது புதுசும் இல்லை. 2004-ல் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் வாளியும் பிளாஸ்டிக் பையும் வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் தாங்காத சாதாரண ஜனங்கள்தான். அதற்கும் முன்னால், உங்கள் முதுநகரிலேயே பிறந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அஞ்சலை அம்மாள் 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்குப் போனார். ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டுதான் போனார்!

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். மறியலுக்கு வழக்கு வரலாம், அதை மறைக்க மாட்டேன். அனுமதி வாங்கிய ஆர்ப்பாட்டம் வேறு, ரோட்டில் உட்காருவது வேறு. இதை அம்மாவிடம் சண்டை போடாமல் சொல்லுங்கள். தேர்தல் நெருங்கும்போது சால்வையோடு வருகிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள். அம்மா பெயரில் ஒரு தகவல் உரிமை மனு எழுதிக் கொடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். முந்தைய மனுக்கள் எந்த மேஜையில் தூங்குகின்றன என்று அதில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டுகளை ஒரு ஃபைலில் கோத்து வையுங்கள்.

பெண் வீட்டார்? காலிக்குடப் படத்தைப் பார்த்து வேண்டாம் என்கிற வீட்டில் சம்பந்தம் செய்தால், நாளைக்கு உங்களுக்குத்தான் தலைவலி.

அடுத்த திங்கட்கிழமை லீவு போடுங்கள். அம்மாவை பைக்கில் உட்காரவைத்து அழைத்துப் போங்கள். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள், வரிசை நீளமாக இருக்கும்.