கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு ஐந்தாவது படிக்கும் மகளைச் சேர்க்க பெங்களூரு, சென்னை, கோவை, ஓசூர் – எந்த ஊர் இன்டர்நேஷனல் பள்ளி தரமானது?

நாங்களும் கிருஷ்ணகிரிதான், பழையபேட்டைப் பக்கம். மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். சீசன் ஓய்ந்த மாதங்களில் மனைவியோடு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கியவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘இன்டர்நேஷனல்’. இந்தச் சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ள யாரும் எந்தப் பரீட்சையும் எழுத வேண்டியதில்லை. பைபாஸ் ஓரம் உலக உருண்டை வரைந்த பலகையைப் பார்த்து ஒரு பள்ளிக்குள் போனோம். “என்ன போர்டுங்க மேடம்?” என்றேன். “சிபிஎஸ்இ தாங்க சார், ஆனா ஹார்ஸ் ரைடிங் இருக்கு” என்றார்கள். குதிரையையும் காட்டினார்கள். ஒன்றே ஒன்று, வேப்பமரத்தடியில் ஈ ஓட்டிக்கொண்டு நின்றது. சிபிஎஸ்இ மட்டம் என்று சொல்லவில்லை. என் மகள் இப்போது படிப்பதே அதில்தான். ஆனால் குதிரைக்கும் சேர்த்து ஃபீஸ் கட்டுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டமே வெளிநாட்டுடையது என்றால் நம் பக்கம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று ஜெனீவாவில் 1968-ல் தொடங்கிய ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலோரியட். இன்னொன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்; அதன் பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் ஐஜிசிஎஸ்இ, 1988-ல் வந்தது. எந்தப் பள்ளிக்கு எந்தக் கட்டம் வரை அங்கீகாரம் என்று இரண்டு அமைப்புகளின் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். ‘எந்தக் கட்டம் வரை’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மகனை முதலில் சேர்த்த பள்ளியில் கேம்பிரிட்ஜ் என்றார்கள், நம்பினோம். எட்டாவது முடியும்போதுதான் அவர்களிடம் இருந்தது சின்ன வகுப்புகளுக்கான அனுமதி மட்டும் என்று தெரிந்தது. ஒன்பதாவதில் சிபிஎஸ்இக்கு மாறி, இந்தியை எட்டிக்கூடப் பார்க்காத பையன் எந்த மொழியை எடுப்பது என்று தவித்த அந்த ஜூன் மாதத்தை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. என்னைத்தான்.

ஊருக்கு ஊர் நிஜமாக வித்தியாசம் தெரிவது கட்டடத்தில் இல்லை, பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பில். அந்த இரண்டு வகுப்புக்கான ஐபி டிப்ளமாவில் 6 பாடம், பாடத்துக்கு 7 மதிப்பெண். அதோடு நாலாயிரம் வார்த்தைக் கட்டுரை முதலானவற்றுக்கு 3, மொத்தம் 45. பாடங்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் அதன் அழகு. ஆனால் பத்துப் பேர் படிக்கும் வகுப்பில் நான்கு பேருக்காகப் பொருளாதாரத்துக்கு ஒரு டீச்சர், இரண்டு பேருக்காகப் பிரெஞ்சுக்கு ஒரு டீச்சர் என்று யார் வைப்பார்கள்? பெங்களூரிலும் சென்னையிலும் பிள்ளைகள் அதிகம், டீச்சர்களும் கிடைக்கிறார்கள். சின்ன ஊர்ப் பள்ளியில் பிசிக்ஸ் சார் ஒருவர் வேலையை விட்டால் அந்தப் பாடமே படுத்துவிடும். ஓசூரில் ஒரு பிரின்சிபால் வாய்விட்டே சொன்னார்: “புது டீச்சரை ரெண்டு வருஷம் பழக்கி விடுறோம், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போயிடறாங்க.”

அதற்காகப் பெங்களூரு என்றாலே கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். நான் போகும் இடமெல்லாம் மூன்று பிள்ளைகளின் சயின்ஸ் நோட்டைக் காட்டச் சொல்வேன். வருடத்துக்குப் பல லட்சம் வாங்கும் ஒரு பெங்களூரு பள்ளியில் மூன்று நோட்டிலும் ஒரே பதில். எவாப்பரேஷன் என்ற வார்த்தையில் மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை, மூன்றிலும் சிவப்பு டிக். ஓசூரில் சாதாரண சிபிஎஸ்இ பள்ளி ஒன்றில், தண்ணீர் பாட்டிலை வெட்டி மாடியில் வைத்து மழையை அளந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். ஓரத்தில் டீச்சர் பென்சிலால், “வியாழக்கிழமை மட்டும் ஏன் குறைவு? பாட்டில் சாய்ந்திருந்ததா?” என்று கேட்டிருந்தார். மகளை அங்கேதான் சேர்த்தோம்.

பெங்களூரின் பெரிய பெயர்களில் சில சர்ஜாபூர் சாலைப் பக்கம் இருப்பதால் ஓசூர்க்காரர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம். கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூரே 50 கிலோமீட்டர். தினமும் போய்வர வேண்டுமானால் பிள்ளை விடிவதற்குள் வேனில் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. அங்கே சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளியானாலும் கன்னடம் ஒரு பாடமாக வரும். 2015-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். அடுத்தது, தமிழ்நாட்டு மருத்துவ கவுன்சிலிங். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே படிக்காத பிள்ளைக்கு தமிழ்நாட்டுக்காரர்தான் என்பதற்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்பார்கள். வாங்கிவிடலாம், ஆனால் கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸில் நிற்கக் கூடாது.

சென்னையில் தரமணி அமெரிக்கப் பள்ளி (1995) போன்றவை வெளிநாட்டுக் குடும்பங்களை மனதில் வைத்து வந்தவை. அங்கே போய்க் குடியேறப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். கோவை செலவுக்கு நிதானம், நமக்குத் தூரம். ஹாஸ்டல் சம்மதமென்றால் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியைப் பாருங்கள். 1901-ல் தொடங்கியது, இந்தியாவில் ஐபியை முதலில் கொண்டுவந்ததும் அதுதான், 1976-ல். ஃபீஸைக் கேட்கும்முன் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்கு நீட், ஜேஇஇ எண்ணம் இருந்தால் இந்த ஓட்டமே வேண்டாம். ஐபி டிப்ளமாவைப் பிளஸ் டூவுக்குச் சமமாக இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் ஏற்கிறது, சேர்க்கையில் தடையில்லை. ஆனால் நீட் கேட்பது சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தை. கட்டுரை எழுதிப் பழகிய பிள்ளை அதை வேறாக உட்கார்ந்து படிக்க வேண்டும். அதற்காக நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஹாஸ்டல் பள்ளிகளில் அதிகாலையில் எழுப்பிப் படிக்க வைக்கும் பிராய்லர் வளர்ப்பையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்கள் மகள் ஐந்தாவது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பத்து வரை இங்கேயோ ஓசூரிலோ நல்ல சிபிஎஸ்இ, அப்போதும் வெளிநாட்டுப் படிப்பு ஆசை இருந்தால் பதினொன்றுக்குப் பெங்களூரு. என் மகளுக்குப் போட்டு வைத்திருக்கும் கணக்கு இதுதான். பள்ளி பார்க்கப் போகும்போது உங்களிடம் பேசும் டீச்சரிடம், “இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க?” என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் வரிசையாக நான்கு பேர் “இந்த வருஷம்தாங்க” என்றார்கள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.